லேப்டாப்பின் பக்கவாட்டு வாய்கள் ஏன் ஒவ்வொன்றாய்க் காணாமல் போகின்றன?

லேப்டாப் வாங்கப் போனால் நாம் கேட்பது பெரும்பாலும் நான்கே விஷயம்: ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், கடைசி விலை என்ன. கையில் எடுத்து இடப்பக்கம், வலப்பக்கம் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய வயர் ஒன்றைச் செருகப் போகும்போதுதான் செருக இடமில்லை என்பது தெரிகிறது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்:

"அண்ணே, இதுல விஜிஏ போர்ட்டே இல்லையே?"

"இப்ப எதுலயும் வர்றதில்ல தம்பி. கன்வெர்ட்டர் போட்டுக்குங்க."

கன்வெர்ட்டருக்குத் தனிக் காசு. அது வேலை செய்யுமா என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. வாங்கியவருக்கு வரும் எரிச்சலில் நியாயம் எவ்வளவு, கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன, அடுத்த முறை ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். கணினி படித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். அவர்கள் எடை மேடை பற்றிய பகுதிக்கு நேரே போய்விடலாம்.

வாய் வேறு, பேச்சு வேறு

போர்ட் என்று நாம் சொல்வதில் இரண்டு சமாச்சாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் வாய்: அதன் வடிவம், உள்ளே எத்தனை பின். இன்னொன்று அந்தப் பின்களின் வழியே இரண்டு கருவிகளும் பேசிக்கொள்ளும் முறை. எந்த பின்னில் எத்தனை வோல்ட், எந்த வேகத்தில், எந்த வரிசையில் என்ற ஒப்பந்தம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விஜிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வகுப்பறைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் புரொஜெக்டரிலிருந்து தொங்குமே, இரண்டு பக்கமும் திருகு வைத்த நீல முனை, அதுதான். 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. 15 பின். அதில் போவது அனலாக். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாகப் போகும். இப்போது டிவிகளில் இருக்கும் எச்டிஎம்ஐ 2002 கடைசியில் வந்தது. 19 பின், எல்லாம் டிஜிட்டல், அதாவது எண்களாகப் போகும். ஆகவே எச்டிஎம்ஐ வாயிலிருந்து விஜிஏ புரொஜெக்டருக்குப் படம் போக வேண்டுமானால் நடுவில் ஒரு சிப் இருந்து டிஜிட்டலை அனலாக்காக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிப் இல்லாமல் இரண்டு முனையை மட்டும் ஒட்டி விற்கும் கேபிள்களும் சந்தையில் உண்டு. அவற்றால் படம் வராது. அந்தச் சிப்புக்கும் ஒரு திசைதான். எச்டிஎம்ஐயை விஜிஏவாக்கும் பெட்டி, விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்காது; அதற்கு வேறு பெட்டி வாங்க வேண்டும்.

இப்போதைய போன்களில் இருக்கும் டைப்-சி வாயில் பழைய யூஎஸ்பி பென் டிரைவைச் செருக உதவும் குட்டி முனையைப் பாருங்கள். அதற்குள் மாற்றும் வேலை செய்யும் சிப் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கமும் பேசுவது யூஎஸ்பிதான், வாயின் அளவு மட்டும் மாறுகிறது. விலையும் சொற்பம், கெட்டுப்போவதும் அரிது.

எந்த கன்வெர்ட்டரை வாங்கும்போதும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மாறுவது வாய் மட்டுமா, பேச்சுமா? வாய் மட்டும் என்றால் கவலையில்லை. பேச்சும் மாறுகிறதென்றால் உள்ளே ஒரு சிப் உண்டு, அந்தச் சிப்பின் தரத்தில்தான் உங்கள் வேலை நிற்கப்போகிறது.

கம்பெனிகள் சொல்லும் காரணம், சொல்லாத காரணம்

முதலில் சொல்லப்படுவது ஒல்லி. பழைய யூஎஸ்பி முனை சுமார் 4.5 மிமீ உயரம், டைப்-சி வாய் அதில் பாதிக்குச் சற்று மேல். கம்பி வழி இணையம் தரும் லேன் கேபிளின் முனை இன்னும் தடிமன். அதனால்தான் சில லேப்டாப்களில் லேன் வாயின் கீழ்த்தாடை கீல் போட்டுத் திறக்கிறது. விளம்பரத்தில் தடிமனை மிமீ கணக்கில் போடுகிறவர்களுக்கு லேன் வாய் கண்ணில் விழுந்த தூசி மாதிரி.

அடுத்தது காசு. ஒரு போர்ட் என்றால் வாய் மட்டுமா? அதன் பின்னால் சிப், போர்டில் இடம், வெளிக்கூட்டில் ஓட்டை, பரிசோதனை, வாரண்டிக் காலத்தில் உடைந்து வந்தால் மாற்றித் தரும் செலவு எல்லாம் வருகிறது. லட்சக்கணக்கில் தயாரிக்கும்போது சில ரூபாய்கூடப் பெரிய தொகைதான். எடுத்துவிட்ட இடத்தில் பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம். இந்தக் காரணத்தைக் கம்பெனிகள் மேடையில் சொல்வதில்லை.

மூன்றாவது, பழைய பேச்சைச் சிப் செய்பவர்களே கைவிடுவது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி இரண்டும் டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவற்றோடு சேர்ந்து 2015க்குள் விஜிஏவை ஓரங்கட்டப் போவதாக அறிவித்தன. திரையின் துல்லியம் கூடக்கூட அனலாக் தாங்கவில்லை. மின்சாரமும் அதிகம் தின்றது. நகல் தடுப்பை விஜிஏவில் ஏற்றவும் முடியாது. அறிவிப்பு வந்ததும் பொதுவில்தான், ஐந்து வருட அவகாசமும் இருந்தது. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் நம்மூர் மண்டபத்துப் புரொஜெக்டர்களுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. 2011இல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது வந்த பெட்டிகளில் விஜிஏ இருந்தது. அதை வைத்துப் பாடம் நடத்தியும் பிராஜெக்ட் காட்டியும் பழகிய பள்ளிகள் கேபிளையும் அதற்குத் தகுந்தாற்போலவே சுவரில் பதித்தன. சிமெண்டுக்குள் போன வயரை அடுத்த வருடமே பிடுங்க எந்தத் தலைமையாசிரியருக்கு மனசு வரும்?

கன்வெர்ட்டர் விற்றுக் காசு பார்க்கத்தான் வாய்களை எடுக்கிறார்கள் என்று பலர் சொல்வார்கள். அதுதான் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் காசை அவர்கள் வேண்டாம் என்று சொன்னதும் கிடையாது.

எடுத்தார்கள், கொடுத்தார்கள்

இந்தக் கதையில் அடிக்கடி வரும் பெயர் ஆப்பிள். 1998இல் ஐமேக் வந்தபோது பிளாப்பி டிரைவைத் தூக்கினார்கள், பழைய சீரியல் வாயைத் தூக்கினார்கள், யூஎஸ்பியை வைத்தார்கள். அன்றைக்குத் திட்டியவர்களும் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். 2008 ஜனவரியில் வந்த மேக்புக் ஏரில் ஒரே ஒரு யூஎஸ்பி. லேன் வேண்டுமானால் தனியாக அடாப்டர் வாங்க வேண்டும்.

அதே 2008 அக்டோபரில் நடந்தது இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம், நம்மூர் கல்யாண வீடியோவுக்கும் சம்பந்தப்பட்டது. அலுமினிய உடம்போடு வந்த புது 13 அங்குல மேக்புக்கில், கேமராவிலிருந்து வீடியோவை ஏற்ற உதவும் ஃபயர்வயர் போர்ட் இல்லை. ஃபயர்வயர் 1995இல் தரமாக ஏற்கப்பட்டது. அதன் தர எண் 1394, சோனி அதையே ஐ.லிங்க் என்ற பெயரில் வைத்தது. வேகம் 400 மெகாபிட். யூஎஸ்பி 2.0வின் வேகம் 480. எண்ணைப் பார்த்தால் யூஎஸ்பிதான் மேல். நடைமுறை வேறு. ஃபயர்வயர் வீடியோவுக்கென்று ஒரு பங்கு வேகத்தை ஒதுக்கிவைத்துவிடும், நடுவில் வேறு வேலை வந்தாலும் அந்தப் பங்கில் கை வைக்காது. டேப் ஓட ஓடப் படத்தை இறக்குகிறவருக்கு அதுதான் உயிர், ஏனென்றால் டேப் நிற்காது. ஒரு ஃபிரேம் தவறினால் தவறியதுதான்.

டெல்டா ஊர்களில் 2000களில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களின் வீடியோ பெரும்பாலும் மினிடிவி (MiniDV) என்ற குட்டி டிஜிட்டல் டேப்பில் இருக்கும். சோனி பிடி170, பானாசோனிக் எம்டி10000 போன்ற கேமராக்களைத் தூக்கிக்கொண்டு, பெரிய லைட்டைப் பிடித்த உதவியாளரோடு வீடியோக்காரர் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கட்டுசாதம் வரை ஓடுவார். 60 நிமிட டேப்பைக் கணினியில் ஏற்ற 60 நிமிடம் ஆகும். ஏறியதும் 13 ஜிபி இடத்தைப் பிடிக்கும். ஒரு கல்யாணத்துக்கு நாலைந்து டேப். முகூர்த்த மாதத்தில் ஸ்டுடியோவில் ராத்திரி முழுக்க கேப்சர்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கேமராவுக்கும் கணினிக்கும் நடுவில் இருந்த வயர் ஃபயர்வயர். இப்போது நினைத்துப் பாருங்கள்: புதுசு வாங்குகிறீர்கள், விலையும் கூடுதல், ஆனால் உங்கள் தொழிலின் ஒரே வாசலை அடைத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, அதே நாளில் கடையில் தொடர்ந்து விற்ற பழைய வெள்ளை பிளாஸ்டிக் மேக்புக்கில் ஃபயர்வயர் இருந்தது. விலை குறைந்ததில் இருக்கிறது, விலை கூடியதில் இல்லை.

ஆப்பிள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அப்போது வந்துகொண்டிருந்த புது வீட்டுக் கேமராக்கள் டேப்பை விட்டுவிட்டு மெமரி கார்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் மாறி, யூஎஸ்பி வழியாகவே படத்தைக் கொடுத்தன. ஆனால் கேமரா வைத்திருப்பவர் எல்லோரும் அந்த வருடமே கேமராவை மாற்றிவிட்டாரா? கூச்சல் பலமாக எழுந்தது. 2009 ஜூனில் அதே 13 அங்குலப் பெட்டி மேக்புக் ப்ரோ என்ற பெயரில் திரும்பி வந்தது. ஃபயர்வயர் 800 அதில் இருந்தது. எட்டு மாதம்.

2016இல் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். மேக்புக் ப்ரோவில் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு வாய், பழைய யூஎஸ்பி, காந்தத்தில் ஒட்டும் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஹெட்போன் ஜாக்கைத் தவிர டைப்-சி வடிவ தண்டர்போல்ட்டை (கோப்பும் படமும் சார்ஜும் போகும் அதிவேக முறை) மட்டும் வைத்தார்கள். தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு என்று விற்ற பெட்டியில் கார்டு போட இடமில்லை. எதிர்ப்பைப் பார்த்து அடுத்த மாதமே அடாப்டர்களின் விலையை அந்த வருடக் கடைசி வரை குறைத்தார்கள். 2021 அக்டோபரில் வந்த 14, 16 அங்குல மாடல்களில் எச்டிஎம்ஐயும் எஸ்டி வாயும் காந்தச் சார்ஜரும் திரும்ப வந்துவிட்டன. கம்பெனி தவறு செய்துவிட்டோம் என்று வாயால் சொல்லாது. அடுத்த மாடலின் பக்கவாட்டில் சொல்லும்.

ஆப்பிளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டெல் 2022இல் விட்ட எக்ஸ்பிஎஸ் 13 பிளஸில் ஹெட்போன் ஜாக்கே கிடையாது. பெட்டிக்குள் ஒரு அடாப்டரைப் போட்டுக் கொடுத்தார்கள் என்பது உண்மை. பள்ளி ஆண்டு விழாவில் மைக்செட்காரர் நீட்டும் 3.5 மிமீ வயரைப் பார்த்த பிறகுதான் அந்த அடாப்டர் வீட்டு மேசையில் இருப்பது நினைவுக்கு வரும்.

எடை மேடைக்கு வயசு அதிகம்

கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்றால், லேப்டாப்பின் ஆயுளும் அதோடு பிணைத்த கருவியின் ஆயுளும் ஒன்றாக இல்லாததில். லேப்டாப்பை நாலைந்து வருடத்தில் மாற்றுகிறோம். மறுமுனையில் இருப்பது அப்படி மாறுவதில்லை. இதற்கு மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து அரிசி ஆலைகளில் இருக்கும் எடை மேடையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

லாரி மேடையில் ஏறுகிறது. மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள் பாரத்தை உணர்கின்றன. அறைக்குள் சிவப்பு எண்கள் ஒளிரும் இண்டிகேட்டர் எடையைக் காட்டுகிறது. அதன் முதுகில் ஒன்பது பின் கொண்ட ஒரு வாய். அதிலிருந்து வயர் கணினிக்குப் போகிறது. எடை மென்பொருள் அந்த எண்ணை எடுத்து வண்டி எண்ணோடு சேர்த்துச் சீட்டு அடிக்கிறது. அந்த ஒன்பது பின்னில் ஓடும் பேச்சு ஆர்எஸ்-232; சீரியல் என்று கடையில் சொல்வது இதைத்தான். 1960இல் அமெரிக்காவில் வகுத்த தரம். வினாடிக்கு 9600 பிட் என்பது இன்றைய கணக்கில் ஆமை வேகம். ஆனால் அனுப்ப வேண்டியது ஐந்தாறு இலக்கம்தானே? வயர் பத்து மீட்டருக்கு மேல் இழுத்தாலும் வேலை செய்யும், எலி கடித்தால் எந்த எலக்ட்ரீஷியனும் ஒட்டிவிடுவார். ஆண்டுதோறும் முத்திரை வைத்து ஓடும் ஒரு எடைக் கருவியை, லேப்டாப்பில் பின் இல்லை என்பதற்காக யாரும் மாற்ற மாட்டார்கள். மாற்றவும் கூடாது என்பேன்.

லேப்டாப்களிலோ ஒன்பது பின் வாய் எப்போதோ போய்விட்டது. ஆகவே யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர். இது பேச்சையே மாற்றும் வகை. உள்ளே சிப் உண்டு. எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக், சிஎச்340 என்பவை அடிக்கடி கண்ணில் படும் சிப்கள். முதல் இரண்டுக்கும் போலிகள் ஏராளம். 2014 அக்டோபரில் என்ன நடந்தது தெரியுமா? விண்டோஸ் அப்டேட் வழியாக எஃப்டிடிஐயின் புது டிரைவர் (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) ஒன்று வந்தது. அது போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றிவிட்டது. அதன் பிறகு எந்தக் கணினியிலும் அந்தச் சிப் தெரியவில்லை. போலி செய்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் நேற்று வரை ஓடிய மெஷின் இன்று ஓடவில்லை. எதிர்ப்பு வந்ததும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். ப்ரோலிஃபிக்கும் தன் பழைய சிப்களையும் போலிகளையும் புது டிரைவரில் ஏற்பதில்லை. மஞ்சள் முக்கோணத்தைக் காட்டி நின்றுவிடும்.

தை, மாசியில் சம்பா அறுவடை நெல் வரும் சமயம் ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எடையைக் கையால் எழுதிச் சீட்டுப் போடலாம். அப்புறம் கணக்கில் தகராறு வரும்.

இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு, ஆனால் அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். பழைய மென்பொருள் காம்1 என்ற பெயரில்தான் எடையைத் தேடும். கன்வெர்ட்டரைச் செருகினால் விண்டோஸ் அதற்கு காம்5, காம்7 என்று ஏதாவது கொடுத்துவிடும். பக்கத்து வாயில் மாற்றிச் செருகினால் எண் மறுபடி மாறலாம். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்பதற்குக் கீழே போய், அட்வான்ஸ்ட் செட்டிங்கில் எண்ணை மாற்றி வைக்கலாம். செருகிய வாயை மாற்றாமல் இருப்பது அதைவிட நல்லது. கன்வெர்ட்டர் செருகிய இடத்தில் கலர் டேப் ஒட்டி வைத்திருக்கும் ஆலைக்காரர் விவரம் தெரிந்தவர்.

சேவை மையங்களின் கைரேகைக் கருவி, ஆடிட்டர்களும் காண்ட்ராக்டர்களும் வைத்திருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பில் பிரிண்டர் இவை எல்லாம் இன்னும் பழைய செவ்வக யூஎஸ்பியில்தான் பரவலாக இருக்கின்றன. இவற்றுக்கு வாய் மட்டும் மாறினால் போதும் என்பதால் தொந்தரவு குறைவு. ஒரு வாயைப் பலவாக்கும் ஒரே மலிவான ஹப்பில் எல்லாவற்றையும் சேர்த்துச் செருகினால் மட்டும் மின்சாரம் போதாமல் ஏதாவது ஒன்று அவ்வப்போது துண்டித்துக்கொள்ளும்.

டைப்-சி: வாய் ஒன்று, உள்ளே இருப்பது பல

எல்லாவற்றுக்கும் டைப்-சி ஒன்றே போதும் என்பது இப்போதைய வாக்குறுதி. 2014இல் வந்தது. 24 பின், எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏறும். சார்ஜ், கோப்பு, படம் மூன்றையும் ஒரே வயரில் கொண்டுபோக முடியும். மின்சாரம் 100 வாட் வரை போனது, 2021இல் வந்த திருத்தத்தில் 240 வாட் ஆனது. நல்ல யோசனைதான், எனக்கும் பிடிக்கும்.

ஏமாற்றம் எங்கே என்றால், வாய் டைப்-சி என்பதால் இந்த மூன்றும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் டைப்-சி வாய் கோப்புக்கு மட்டும்தான்; அதில் சார்ஜ் ஏறாது, டிவிக்குப் படமும் போகாது. வேகமும் அப்படியே. 480 மெகாபிட்டில் இருந்து 80 ஜிகாபிட் வரை எதுவாகவும் இருக்கலாம். 2023இல் வந்த ஐபோன் 15லேயே சாதாரண மாடல் 480 மெகாபிட், ப்ரோ மாடல் 10 ஜிகாபிட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வாய்க்கும் வித்தியாசம் தெரியாது. முன்பெல்லாம் எச்டிஎம்ஐ வாய் இருந்தால் படம் வரும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது வாயைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. வாய்கள் குறைந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

எல்லா வசதியும் உள்ள டைப்-சியிலும் ஒரு பங்கீடு இருக்கிறது. அதற்குள் அதிவேகப் பாதைகள் நான்கு. படத்துக்கு நான்கையும் திறந்துவிட்டால் கோப்புக்கு யூஎஸ்பி 2.0 வேகம்தான் மிஞ்சும். இரண்டை மட்டும் படத்துக்கு விட்டால் கோப்பு வேகமாகப் போகும், படம் குறையும். மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடம் முறை வைத்து ஆற்றுக்கு ஆறு மாற்றி விடுவார்களே, அதே கணக்கு. ஹப் வாங்கி 4கே டிவியில் போட்டவர்கள் சிலருக்குப் படம் வந்தும் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்வது இதனால்தான். டைப்-சிக்குள் படத்தைக் கொண்டுபோகும் டிஸ்ப்ளேபோர்ட் முறையின் பழைய வேகத்தில் இரண்டு பாதைக்கு 4கே படம் வினாடிக்கு 30 முறைதான் போகும், 60 முறை வேண்டுமானால் நான்கும் வேண்டும். ஹப் அட்டையில் 4கே என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 30 ஹெர்ட்ஸ் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் டைப்-சிக்கு ஒரு தரத்தை வெளியிட்டிருக்கிறது. ஐரோப்பியச் சட்டம் பேசுவது சார்ஜரைப் பற்றி. எச்டிஎம்ஐயோ லேன் வாயோ இருந்தாக வேண்டும் என்று அது கேட்கவில்லை.

கோபம் நியாயமா?

பாதிக்கு மேல் நியாயம் என்பேன். பழையதைக் கடைசி வரை சுமந்துகொண்டே போக முடியாது என்பது சரி. பிளாப்பியை யாரும் இப்போது தேடவில்லை. ஒரு வாயை எடுப்பதால் குறையும் செலவு கம்பெனிக்கு மிச்சம். கூடும் செலவு வாங்குகிறவருக்கு. கன்வெர்ட்டர், அது தொலைந்தால் இன்னொன்று, விழா மேடையில் வேலை செய்யாமல் போனால் படும் அவமானம் எல்லாம் நம் கணக்கில். வாய்களைக் குறைத்த மாடலின் விலை அதனால் குறைந்ததாகவும் தெரியவில்லை.

வேறு வழியே இல்லை என்பதும் பொய். ஜப்பானில் பானாசோனிக் விற்கும் லெட்ஸ் நோட் லேப்டாப்களில் விஜிஏவும் லேனும் அண்மைக் காலம் வரை இருந்தன, பெட்டியும் எடை குறைவுதான். அங்கே அலுவலகங்கள் கேட்டன, கொடுத்தார்கள். 2021இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப்பில் வேண்டிய வாயை நாமே கட்டையாகச் செருகி மாற்றிக்கொள்ளலாம். லெனோவோவின் திங்க்பேட் டி14 போன்ற அலுவலக வரிசைகளில் லேன் வாய் இன்னும் இருக்கிறது. கேட்கிறவர் மொத்தமாக வாங்கும் இடத்தில் வாய் தங்குகிறது. ஒன்றொன்றாக வாங்கும் நம் போன்றவர்களிடம்தான் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

வாங்கும் முன்

வீட்டிலும் கடையிலும் இருக்கும் கருவிகளின் முனைகளை எல்லாம் ஒரு தடவை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர், டிவி, புரொஜெக்டர், கேமரா கார்டு, எடை இண்டிகேட்டர், மைக்செட் வயர் எதையும் விடாதீர்கள். கடைக்காரரிடம் படத்தைக் காட்டி எதற்கு நேரே வாய் இருக்கிறது, எதற்குக் கன்வெர்ட்டர் என்று பிரித்துக் கேளுங்கள். கன்வெர்ட்டரின் விலையையும் லேப்டாப் விலையோடு கூட்டிப் பாருங்கள். சில சமயம் அடுத்த மாடலே மலிவாக முடியும்.

டைப்-சி வாயின் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். மின்னல் அம்பு இருந்தால் தண்டர்போல்ட், அநேகமாக எல்லாமும் போகும். டி, பி இரண்டு எழுத்தும் பின்னிய குறி இருந்தால் படம் போகும். பேட்டரி மாதிரி படம் அல்லது பிளக் குறி இருந்தால் சார்ஜ். ஒன்றுமே போடாமலும் விடுவார்கள். அப்போது மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் தளத்தில் விவரப் பட்டியலைத் திறந்து, டைப்-சி என்ற வரியில் டிஸ்ப்ளேபோர்ட் (படம்), பவர் டெலிவரி (சார்ஜ்) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். மாடல் எண்ணின் கடைசி எழுத்து மாறினால் வாய்களும் மாறலாம் என்பதால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையே முழுசாகப் பாருங்கள்.

படம் போகாத டைப்-சியில் சாதாரண எச்டிஎம்ஐ ஹப் போட்டுப் பயனில்லை. அதற்கு டிஸ்ப்ளேலிங்க் வகை அடாப்டர் உண்டு, டிரைவர் போட வேண்டும், விலையும் கூடுதல். லேன் அடாப்டர் வாங்கினால் ஜிகாபிட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும், வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு அதைவிட வேகமாக இருந்தும் பலனில்லை. ஹப்பைச் செருகியதும் வைஃபையோ வயர்லெஸ் மவுஸோ தடுமாறினால் ஹப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3.0 வயர்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல்லே 2012இல் ஓர் அறிக்கையில் காட்டியிருக்கிறது. நல்ல உறை போட்ட ஹப்பில் இது குறைவு.

எடை மேடை, கணினி சொல்படி உலோகம் வெட்டும் பழைய சிஎன்சி மெஷின் மாதிரி தொழிலோடு பிணைந்த கருவி இருந்தால் ஒரே கன்வெர்ட்டரை நம்பி இருக்காதீர்கள். ஓடுகிற ஒன்றைக் கண்டுபிடித்ததும் அதே மாதிரியில் இன்னொன்றை வாங்கி டிராயரில் போட்டு வையுங்கள். ஃபயர்வயரோ ஒன்பது பின்னோ உள்ள பழைய கணினியைப் பழைய சாமான்காரருக்கு எடை போட்டுவிடவும் வேண்டாம். மினிடிவி டேப் வைத்திருப்பவர்கள் அந்தக் கணினியும் டேப் ஓட்டும் கேமராவும் உயிரோடு இருக்கும்போதே ஏற்றி முடித்துக்கொள்வது நல்லது. நம்மூர் ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடித்துவிடும். பிடித்த டேப்பை ஓட்டினால் கேமராவின் ஹெட்டும் போய்விடும். பணம் கொடுக்கும் முன், ஒத்துவராவிட்டால் கன்வெர்ட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.